இருபத்தெட்டாம் தேதியை முப்பது ஆக்கியவர்கள்

“படு! கீழே படு!”

அப்பா கத்துகிறார். தமிழில் கத்துகிறார். அந்தத் தெருவில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. நான் படுக்கிறேன். சாக்கடை ஓரம். பால் கேன் கவிழ்ந்து உருண்டு போகிறது. என் முகமெல்லாம் பால்.

1975 ஏப்ரல் 28. திங்கட்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். சைகோன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெரு.

முதலில் இடி என்று நினைத்தோம். வானம் கறுத்துக் கிடந்தது. மழை வரும் என்றார் அப்பா. மழை இல்லை. விமானம். பிறகு விமான நிலையத்தின் பக்கம் ‘கும்’. மறுபடி ‘கும்’. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. உடனே ஊரில் இருந்த சிப்பாய் எல்லாம் வானத்தைப் பார்த்துச் சுட ஆரம்பித்தான். யாரைச் சுடுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. கடலை வறுக்கிற சத்தம். நிற்கவே இல்லை. எங்கள் சிவப்புப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அப்பா அதன் பின்னால் ஓடவில்லை. அவருக்கு உயிரான மாடு. ஓடவில்லை. பாலத்தைப் பார்த்து ஓடினார். நானும் ஓடினேன்.

அம்மா அந்தப் பாலத்துக்கு அப்பால் இருந்தாள்.

அன்று மத்தியானம்தான் போனாள். துறைமுகத்துப் பக்கம் அவள் தங்கை வீடு. என் சின்னம்மா. அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவரப் போனாள். என் தங்கையும் கூடப் போனாள். எட்டு வயது. எனக்குப் பதின்மூன்று. “இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்” என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டுப் போனாள். பச்சைக் குடை. தங்கை கையில் வாழைப்பழம். அவ்வளவுதான் பார்த்தேன்.

பாலத்தின் தலைப்பில் முள்கம்பி. சிப்பாய்கள்.

“திரும்பு! சுட்டுடுவேன்!”

இது வியட்நாம் பாஷை. இது இருவருக்கும் புரிந்தது. திரும்பினோம்.

மறுநாள் 29. விடியும் முன்பே ராக்கெட். ஊரடங்கு. பகல் முழுக்க ஹெலிகாப்டர். தலைக்கு மேல் தடதடவென்று ஒரே சத்தம். 30. மத்தியானம் டாங்கிகள் வந்தன. இரும்புச் சங்கிலி தார் ரோட்டில் உரசுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. மே மாதம் முதல் தேதி பாலம் திறந்தது. சின்னம்மா வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்தது. அடுப்பில் சோற்றுப் பானை. சோறு புளித்து நுரைத்திருந்தது. ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவன் ஆற்றைக் கை காட்டினான். கப்பல் என்றான். எந்தக் கப்பல் என்று அவனுக்குத் தெரியாது. கப்பலில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

இது நடந்தது 28ஆம் தேதி. 30 அல்ல. இதை நான் ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அப்பா அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமம். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீடு. தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத வீடு. பதினாறு வயதில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியோடு எடுபிடி ஆளாகக் கப்பல் ஏறினார். சைகோனில் ஒரு மாடு வாங்கினார். பிறகு ஐந்து. பால்காரர் ஆனார். சந்தையில் கீரை விற்றவளைக் கட்டிக்கொண்டார். மாரியம்மன் சந்நிதியில் மஞ்சள் கயிறு. அவள் கடைசி வரை வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போனாள். சூடம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நம் ஊர்ப் பெண்கள் தோற்றார்கள்.

ஒரு வருஷம் காத்திருந்தோம். அப்பா தினமும் ஆற்றங்கரைக்குப் போய் வந்தார். பிறகு இந்திய அரசாங்கம் விமானம் ஏற்பாடு செய்தது. ஏறினோம். மெட்ராஸில் ஒரு அதிகாரி எங்களுக்குக் கொடுத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. என் தாய் பிறந்த மண்ணை விட்டுவிட்டு வந்து நிற்கிறேன். தாயைக் காணோம். எனக்குத் தாயகம் திரும்பியவன் என்று பேர். படித்தவன் வைத்த பேர். அப்படித்தான் இருக்கும்.

ஊருக்கு வந்தோம். சொந்தக்காரர்கள் கூடினார்கள். முதல் கேள்வி எது தெரியுமா?

“எம்புட்டுப் பவுனு கொண்டாந்தீக?”

இல்லை என்றார் அப்பா. அதோடு பாசம் தீர்ந்தது. அப்புறம் என் மூக்கைப் பார்த்தார்கள்.

“என்னடா மாப்ள, தோசைக்கல்லுல வச்சு அமுக்குனாப்புல இருக்கு?”

சிரித்தார்கள். நானும் அப்பாவும் வீட்டுக்குள் பேசுகிற வியட்நாம் பேச்சை வாசலில் நின்று கேட்டுவிட்டு, அப்பாவின் சித்தப்பா மகன் ‘மியாவ்’ என்று கத்தினான். தெரு முழுக்கக் கத்தியது. நடு வயதுக்காரனெல்லாம் கத்தினான். இந்த ஊரில் அடுத்தவன் தெருவில் குனிந்து நடந்தவர்கள், தங்களைவிடக் கீழே ஒருவன் கிடைத்தான் என்றதும் எப்படித் துள்ளினார்கள். அன்று ராத்திரி அப்பா சொன்னார். இனி அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம். அத்தோடு நின்றது. எண்ணக்கூட நாங்கள் அந்தப் பேச்சில் எண்ணவில்லை.

மதுரைப் பக்கம் பரவைக்கு வந்தோம். மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை. இன்றும் அதே வேலைதான். அப்பா 1991இல் தவறினார். தவறும்வரை அம்மாவுக்குத் திதி கொடுக்கவில்லை. கொடுக்க விடவும் இல்லை. என்னிடம் சொன்னது இதுதான். செத்தாள் என்று கண்ணால் கண்டவன் வந்து சொல்லட்டும். அதுவரை எள்ளுக்கும் தண்ணீருக்கும் வேலை இல்லை. உயிரோடு இருப்பவளுக்கு எள் இறைத்தால் அது கொலை.

அதனால் நாங்கள் செய்தது மாவிளக்கு. பச்சரிசி மாவு, வெல்லம், நெய். உயிரோடு இருப்பவர்கள் நன்றாக இருக்க மாரியாத்தாளுக்கு ஏற்றுவது. அம்மாவுக்கு ஒன்று. தங்கைக்கு ஒன்று. தேதி பார்த்து அல்ல. அவர்கள் போன நாள் சித்திரைப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். மதுரைக்கு வந்த பிறகு அது எனக்கு மறக்க வழியே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்புகிற சமயம் அது. ஊரே அவரை வழியனுப்பிக்கொண்டு நிற்கும். நான் தெப்பக்குளத்து மாரியம்மன் சந்நிதியில் இரண்டு விளக்கோடு நிற்பேன்.

என் மனைவி பேச்சியம்மாள் நல்லவள். அவளும் சொல்லிப் பார்த்தாள்.

“ஏங்க, எள்ளுத்தண்ணி இறைச்சு விட்டா அவுக ஆத்மா அடங்கும்ல?”

“ஆத்மா அடங்கணும்னா மொதல்ல சாகணும்டி.”

அதோடு விட்டாள்.

இனி இந்த நெட்டு விஷயம்.

என் மகள் தேவகி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். 2002இல் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தாள். வியட்நாமை விட்டு ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் நடத்துகிறது. அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா. அப்பா அம்மா பட்டதைப் பிள்ளைகள் எழுதுவார்கள். உலகம் படிக்கும். தலைமுறைக்குத் தலைமுறை கதை போய்ச்சேர வேண்டுமாம். தேவகிக்குக் கண்ணெல்லாம் மின்னியது. “அப்பா, அங்க தேடுறவுகளுக்குன்னு தனியா ஒரு பக்கமே இருக்குப்பா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வாய் திறந்தேன். கதை சொல்லும் ஆசை எனக்கு இல்லை. என் அம்மாவும் தங்கையும் வேண்டும். அவ்வளவுதான்.

சொன்னேன். 28ஆம் தேதி, திங்கள், மாலை, பாலம், சின்னம்மா வீடு, பச்சைக் குடை. அவள் இங்கிலீஷில் எழுதினாள். அனுப்பினாள்.

அதை நடத்துகிறவள் ஒரு அமெரிக்காக்காரி. வியட்நாம் வம்சம். சைகோன் விழுந்தபோது அவள் பிறக்கவே இல்லை. பதில் எழுதினாள். தேவகி பிற்பாடு வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். முதலாவது, நாங்கள் விமானத்தில் வந்ததால் அகதி என்று போடுவது சரியா என்று யோசிக்கிறார்களாம். படகில் வந்தவன் முதல் வகுப்பு. விமானத்தில் வந்தவன் இரண்டாம் வகுப்பு. துன்பத்துக்கும் டிக்கெட் வகுப்பு வைத்திருந்தார்கள். இரண்டாவது, ஏப்ரல் 28 யாருக்கும் தெரியாது. 30 என்றால் டாங்கி வந்த நாள், எல்லாருக்கும் உடனே புரியும். மாற்றிக்கொள்ளலாமா? மூன்றாவது, பாலம், சின்னம்மா வீடு என்று நீளமாக இருக்கிறது. கூட்டத்தில் கை நழுவியது என்று சுருக்கலாமே? நான்காவது, தனிப்பட்டவர் பெயர்களைப் போடுவதில்லை. பாதுகாப்பாம்.

பெயரில்லாமல் ஆளைத் தேட வேண்டும். இது சட்டம். இதை ஒரு படித்தவள் யோசித்து எழுதியிருக்கிறாள்.

தேவகி என்னிடம் இதையெல்லாம் சொன்னது பிறகு. அப்போது சொல்லவில்லை. சரி என்று எழுதிவிட்டாள். ஏற்றுக்கொண்டால் போதும் என்ற ஆசை. தன் கையாலும் கொஞ்சம் சேர்த்தாள். ‘வானம் இரத்தம் சிந்தியது’ என்று எழுதியிருந்தாள். வானம் சிந்தவில்லை. கேனிலிருந்து பால்தான் சிந்தியது. நான் அங்கே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். எண் படிக்கத் தெரியும். 30 என்று இருந்தது.

“இது என்ன முப்பது?”

“அது... அவுக வாசகர்களுக்குப் புரியணும்னு மாத்தச் சொன்னாகப்பா. ரெண்டு நாள்தான?”

“ரெண்டு நாளா? நாள் மாறுனா திதி மாறும். திதி மாறுனா ஆள் மாறும். இவுக பாட்டனா செத்தான், இஷ்டத்துக்கு நாள் குறிக்க?”

சென்டரில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவகிக்கு அழுகை வந்துவிட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் மாற்றச் சொல்லி எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. ஏற்கெனவே நிறையப் பேர் படித்துப் பாராட்டிவிட்டார்களாம். அதற்குமேல் கை வைக்க மாட்டார்களாம்.

பாராட்டு எப்படி என்று கேளுங்கள். ‘பகிர்ந்துகொண்டதற்கு நன்றி.’ எதைப் பகிர்ந்தேன்? பந்தியில் பாயசமா? ‘மிகவும் கவித்துவமாக இருக்கிறது.’ ‘கடற்கொள்ளையர் வந்தார்களா?’ வரவில்லை என்றதும் அந்த ஆள் அப்புறம் எழுதவே இல்லை. ஒருத்தி மட்டும் நீளமாக எழுதியிருந்தாள். தான் பார்க்காத ஊருக்காகத் தினமும் அழுகிறாளாம். காப்பிக் கடையில் உட்கார்ந்து அழுகிறாளாம். பிறகு ஒரு மெழுகுவர்த்திப் படம். அதை அமுக்கினால் எரியும். எத்தனை பேர் ஏற்றினார்கள் என்று பக்கத்தில் எண் ஏறும். என் அம்மாவுக்கும் தங்கைக்கும் அங்கே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. செத்தவர்களுக்கு ஏற்றுவதாம். யார் செத்தது? யார் சொன்னது? அப்பா சாகும்வரை செய்யத் துணியாததை, முகம் தெரியாத கூட்டம் ஒரு விரலால் அமுக்கிவிட்டுப் போனது.

நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. தேவகி போய்க்கொண்டிருந்தாள். என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

2004 சித்திரை. பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். காலை. அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிசைகிறேன். வெல்லம் இளகி மாவோடு சேருகிறது. தேவகி வந்து எதிரே உட்காருகிறாள். அவளுக்கு என்னோடு சமாதானம் ஆக ஆசை. எனக்குப் பிடித்த பேச்சை எடுப்பதாக நினைத்து எடுக்கிறாள்.

“அப்பா, சொன்னா வையாதீங்க. தீபாவளி சமயத்துல ஒரு பையன் எழுதியிருந்தான். கனடாவுல இருக்கானாம். அவுக அம்மாவும் சைகோன்தானாம். தாத்தா இந்தியாக்காரராம், மாடு வச்சிருந்தாராம். படிச்சதும் எனக்குப் பக்குனு ஆயிருச்சு. அப்புறம் பாத்தா அது நம்ம இல்ல.”

“எப்படிச் சொல்ற?”

“அவனுக்குத் தேதி ஒத்துவரல. அவுக அம்மா 28ஆம் தேதி பாலத்தைத் தாண்டிப் போனாகளாம். நம்ம கதையில 30ன்னு இருக்கு, கை நழுவுனதா இருக்கு. அதனால அவனுக்கே சந்தேகம். கடைசியா ஒன்னு மட்டும் கேட்டான். எங்க அம்மா மூணாவது பிள்ளை, அவுக அண்ணன் ரெண்டாவது, உங்க அப்பா ரெண்டாவதான்னு.”

என் கை மாவில் இருக்கிறது. 

“தேதி மாத்துனது தெரிஞ்சதுதான? அதச் சொன்னியா?”

“சொல்லத்தான் நெனச்சேன்ப்பா. ஆனா அவுக மூணு பிள்ளைகள்ல? நம்ம வீட்டுல நீங்களும் அத்தையும் மட்டுந்தான? நீங்கதான மூத்தவரு?”

“நீ என்ன எழுதுன?”

“எங்க அப்பா முதல் பிள்ளை. நீங்க தேடுறது எங்கள இல்ல. கடவுள் உங்களுக்குத் துணை இருப்பார்னு எழுதுனேன். அவனும் மன்னிக்கணும், நன்றின்னு எழுதிட்டான்.”

“அண்ணன் ரெண்டாவதுன்னா ஒன்னாவது யாருன்னு கேட்டியா?”

“இல்லப்பா. செத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்.”

“ஒன்னாவதுன்னு ஒருத்தனும் கிடையாதுடி! நான்தான் ரெண்டாவது!”

பேச்சியம்மாள் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். நான் கத்தியது வாசல் வரை கேட்டிருக்கிறது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சைகோன் பக்கத்தில் மூத்த பிள்ளையை முதலாவது என்று கூப்பிட மாட்டார்கள். இரண்டாவது என்பார்கள். அடுத்ததை மூன்றாவது என்பார்கள். மூத்த பிள்ளையைக் காத்துக் கருப்பு தேடுமாம். வந்து பார்த்தால் முதல் பிள்ளை என்று யாருமே இருக்காது. ஏமாந்து போய்விடும். அம்மா சொன்னது. நம் ஊரில் பிள்ளை தங்க வேண்டும் என்று குப்பை என்றும் பிச்சை என்றும் பேர் வைக்கிறோமே, அதுபோல. பெயரையும் பெரும்பாலும் சொல்வதில்லை. வீட்டுக்குள் எண்தான். எனக்கு அம்மா வாயால் ‘ஹாய்’. இரண்டு என்று அர்த்தம். தங்கை முத்துமாரிக்கு ‘பா’. மூன்று. இருவர்தான் நாங்கள். இரண்டும் மூன்றும்.

இதை நான் தேவகிக்குச் சொன்னதில்லை. ‘மியாவ்’ என்று கத்திய ஊரில் இதைச் சொல்லி வளர்க்க முடியுமா? சரி. எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கனடாவில் எவன் கத்தினான்? அவன் அம்மா ‘இரண்டாவது அண்ணன்’ என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். தன்னை மூன்றாவது என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் முதலாவது எங்கே என்று பெற்றவளிடம் ஒரு நாள் கேட்டிருக்க வேண்டாமா? உலகத்துக்கே கதை சொல்ல உட்கார்ந்த பிள்ளைகள். இங்கே ஒன்று. அங்கே ஒன்று. இரண்டும் கணினி முன்னால். பெற்றவர்கள் அடுத்த அறையில். எழுந்து நாலடி நடந்து, ‘இப்படி ஒரு ஆள் எழுதியிருக்கிறார்’ என்று சொல்ல ஒன்றுக்கும் தோன்றவில்லை.

கேட்டால் இரண்டும் ஒரே பதில் சொன்னது. ஆசை காட்டி ஏமாற்ற வேண்டாம் என்று நினைத்தார்களாம். நல்ல மனசாம். ராக்கெட்டுக்கு நல்ல மனசு கிடையாது. அதனால் அது இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

அவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். என் தங்கை மகன். எனக்கு மருமகன். என் மகளுக்கு அத்தை மகன். முறை மாப்பிள்ளை. நம் ஊரில் மாமன் மகளும் அத்தை மகனும் தெருமுனையில் பார்த்தால் கூடக் கிண்டல் பேசுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் உலகத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்து, ‘மன்னிக்கவும், நீங்கள் எங்கள் குடும்பம் இல்லை’ என்று மரியாதையாக எழுதிக்கொண்டார்கள்.

மாவைப் பாதியில் விட்டேன். கை கழுவினேனா என்று நினைவில்லை. பஸ் ஏறினோம், நானும் தேவகியும். பஸ் முழுக்க அழகரைப் பார்க்கப் போகிற கூட்டம். நான் மாரியாத்தா, மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். சென்டர்காரர் ஜெகந்நாதன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்குகிறார். சௌராஷ்டிரக்காரர். வீட்டில் தறி, கடையில் கம்ப்யூட்டர். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு பெட்டியைப் போட்டுக் கொடுத்தார். தேவகி எழுதினாள். இந்த முறை நான் சொல்லச் சொல்ல. ஒரு எழுத்து கூட்டவில்லை. குறைக்கவில்லை. என் தங்கை பேர் முத்துமாரி. வீட்டில் பா. நான் ஹாய். 28ஆம் தேதி, பாலம், பச்சைக் குடை, வாழைப்பழம். உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. இப்போதே காட்டு.

அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஜெகந்நாதன் டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“அண்ணே, எங்காளுக எந்தக் காலத்துலயோ குஜராத்துல இருந்து வந்தவுக. இன்னைக்கும் எம்மகன் வீட்டுல எங்க பேச்சுதான் பேசுறான். நீங்க ஒன்னு ரெண்டு கூடவா சொல்லிக் குடுக்கல?”

“உங்காளுக கூட்டமா வந்தீக ஜெகந்நாதா. தெருத்தெருவா வந்தீக. நாங்க ரெண்டு பேரு வந்தோம்.”

அவர் அதற்குமேல் பேசவில்லை. நல்ல மனிதர். இந்தக் கதையில் வருகிறவர்களில் வாயை மூட வேண்டிய இடத்தில் மூடியவர் அவர் ஒருவர்தான்.

அன்று பதில் இல்லை. மறுநாள் போனோம். வந்திருந்தது. தேவகி வாசிக்க ஆரம்பித்தாள். நிறுத்தினாள்.

“சொல்லு.”

“அப்பா...”

“சொல்லுடி.”

தங்கை தவறிவிட்டாள். ஜனவரியில். நம் தை மாதம். புற்றுநோய். ஆஸ்பத்திரியில். படுத்துவிட்ட பிறகுதான் அண்ணனைத் தேடு என்று மகனிடம் கேட்டிருக்கிறாள். அதனால்தான் அவன் தீபாவளி சமயத்தில் எழுதினான். அதுவரை அவனிடம் எதுவும் சொன்னதில்லை. எங்கள் வீட்டைப் போலத்தான் அதுவும் ஒரு வீடு.

அம்மாவைப் பற்றியும் இருந்தது. சின்னம்மா புருஷன் துறைமுகத்தில் வேலை. தள்ளிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றியிருக்கிறான். அம்மா ஏற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கடலில் சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். எந்த நாள் என்று தங்கைக்குத் தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பாயில் சுற்றிக் கடலில் விட்டார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

கடைசியில் மருமகன் எங்களுக்கு ஆறுதல் எழுதியிருந்தான். அம்மா அதிகம் கஷ்டப்படவில்லை. கடைசி வாரம் வரை நல்ல நினைவோடு இருந்தார். நன்றாகப் பேசினார்.

அதற்கும் கீழே இன்னொன்று. இணையதளத்தில் அவன் அம்மாவுக்கு ஒரு நினைவுப் பக்கம் போடுகிறார்களாம். இரண்டு குடும்பமும் சேர்ந்த கதை எல்லார் மனதையும் தொடுமாம். மாமா நாலு வரி எழுதித் தர முடியுமா? இருநூறு வார்த்தைக்குள்.

தேவகி என் முகத்தைப் பார்த்தாள்.  எழுந்து வந்தோம். அந்த அமெரிக்காக்காரியும் தனியாக எழுதியிருந்தாளாம், சேர்ந்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று. யார் யாரோடு சேர்ந்தது? அதையும் தேவகி பிறகுதான் சொன்னாள்.

மருமகன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் என் தங்கை வயிற்றுப் பிள்ளை. இப்போது மாதம் ஒருமுறை போன் பேசுகிறான். அவன் பேசுவது எனக்குப் புரியாது. நான் பேசுவது அவனுக்குப் புரியாது. தேவகி நடுவில் நின்று சொல்கிறாள். ‘மாமா’ என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சொல்கிறான். அந்த நினைவுப் பக்கத்தை எடுத்துவிடு என்று சொன்னேன். எடுத்துவிட்டான். அந்த ஒரு காரியத்தில் அவன் அம்மா பிள்ளை.

அடுத்து வந்த அமாவாசைக்கு வைகைக் கரைக்குப் போனேன். ஐயர் கேட்டார், தவறிய நாள் என்ன என்று. அம்மா தவறிய நாள் தெரியாது என்றேன். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் என்றார். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பா செய்யாததை நான் செய்தேன். கண்டவன் சொல்லி, தெரிந்த பிறகு செய்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டுபோனதுதான். பேச்சியம்மாள் அழுதாள். தேவகி அழுதாள். மெழுகுவர்த்தி ஏற்றியவர்களில் ஒருவரும் வரவில்லை. வரமாட்டார்கள். அவர்களுக்கு அடுத்த கதை வந்திருக்கும்.

இனி போனவை.

மாடு ஐந்து. சிவப்புப் பசு சேர்த்து. சைகோனில் கோயிலுக்குப் பின்தெரு வீடு. ஒரு பேச்சு, முழுசாக. இன்று எனக்கு அதில் இருபது வார்த்தை தேறினால் அதிகம். சின்னம்மா, அவள் புருஷன். அவர்கள் என்ன ஆனார்கள் என்று மருமகனுக்கும் தெரியவில்லை. அப்பா, காத்திருந்தே 1991இல். அம்மா, கடலில், நாள் தெரியாது. முத்துமாரி, ஆஸ்பத்திரியில், தை மாதம்.

1975 சித்திரையிலிருந்து 2003 ஐப்பசி வரை தங்கை எனக்கு இல்லாமல் போனாள். அந்தக் காலத்தைச் சண்டை எடுத்துக்கொண்டது. சண்டைக்கு அதுதான் வேலை. அதை நான் ஆத்தாளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூன்று மாதம். நல்ல நினைவோடு, நன்றாகப் பேசிக்கொண்டு படுத்திருந்தாள்.

அந்த மூன்று மாதத்தைச் சண்டை எடுக்கவில்லை.